பித்தளை வாளி

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறான். சீனியர்கள் ராத்திரியில் கூப்பிட்டு நாய் மாதிரி குரைக்கச் சொல்கிறார்களாம். 'விடுதி என்றால் இப்படிச் சில மரபுகள் இருக்கத்தான் செய்யும், தாங்கிக்கொண்டால் பக்குவம் வரும்' என்கிறார் அவன் அப்பா. சரிதானா?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: அந்த 'மரபு' என்ற சொல்லுக்காகவே உங்கள் வீட்டுக்காரரோடு எனக்குச் சண்டை உண்டு அம்மா.

தொல்காப்பியத்தில் மரபியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. அது எதில் தொடங்குகிறது தெரியுமா? சின்னஞ்சிறுசுகளை எப்படி அழைக்க வேண்டும் என்பதில். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று 9 இளமைப் பெயர்கள். அணிலுக்குக் குட்டி, முயலுக்கும் நாய்க்கும் குருளை, ஆட்டுக்கு மறி என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மனிதருக்குக் குழவியும் மகவும்தான், மற்றவை ஆகாது என்று வரம்பு கட்டுகிறார் தொல்காப்பியர். நாய்க்குரிய பெயரைக்கூட மனிதப் பிள்ளைக்கு வைக்கச் சம்மதிக்காத மரபு அது. பதினெட்டு வயதுப் பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் குரைக்கச் சொல்வதற்கு அதே சொல்லா?

பெயர் வைப்பது விடுதியின் உண்மையான மரபு. எங்கள் விடுதியில் ஒருவன் பெயர் 'வாளி'. விடியற்காலை ஐந்து மணிக்கே குளியலறை வாசலில் வரிசை நிற்கும். ஆள் நிற்க வேண்டாம், வாளி நின்றால் போதும் என்பது அங்கே சட்டம். இவன் படுக்கப் போகும்போதே தன் வாளியைக் கொண்டுபோய் முதலில் வைத்துவிடுவான். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், அவன் வாளிக்குப் பின்னால் முப்பது வாளி. முப்பதிலும் சுண்ணாம்பால் அவன் பெயரே எழுதியிருந்தது. எது தன்னுடையது என்று தேடிக்கொண்டே அவன் சிரித்த சிரிப்பில் மாடியே எழுந்துகொண்டது. அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த அவன் அப்பாகூட எங்களிடம், "வாளி எங்கப்பா?" என்றுதான் கேட்டார். அவன் கல்யாணத்துக்கு ஒன்பது பேர் காசு போட்டுப் பித்தளை வாளி வாங்கிக்கொண்டு போனோம். மேடையில் கைநீட்டி வாங்கியவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் அவன் வீட்டுக் கிணற்றடியில் அந்த வாளி இருக்கிறது. அன்று காலை அவன் முகம் சுருங்கியிருந்தால், அந்தப் பெயரை அன்றே கைவிட்டிருப்போம்.

ராகிங் எதில் போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு 1996-லேயே பார்த்துவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போன நாவரசுவை விடுதியில் வைத்தே ஒரு சீனியர் கொன்றார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன் நாவரசு. அதன் பிறகு 1997-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி ராகிங் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரியை விட்டும் நீக்க வேண்டும். சட்டம் குற்றம் என்று சொல்வதை அப்பா பக்குவம் என்று சொல்லக் கூடாது.

ஓய்வுபெற்ற வார்டன் ஒருவர் முன்பு இந்தப் பக்கத்துக்கு எழுதினார், கூச்சம் போவதற்கு ராகிங் நல்லது என்று. நான் பதில் எழுத, அவர் மறுத்து எழுத, நான்கு இதழ்கள் ஓடியது அந்தச் சண்டை. நான் அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: கூச்சம் போகிற இடம் மெஸ்.

எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். அரிசி, பருப்பு, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கூட்டி, மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து, அவரவர் இருந்த நாளுக்குப் பணம் கட்ட வேண்டும். இருட்டோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவன் மெஸ் ரெப். வாயே திறக்காத ஒரு முதலாண்டுப் பையன், பில்லில் எண்ணெய் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்து, இறுதியாண்டுக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னான். அன்றோடு போயிற்று அவன் கூச்சம். இப்போது கான்ட்ராக்டர் சமைக்கிறார், பையன்கள் கார்டைத் தேய்த்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். இது எனக்குத் தீராத வருத்தம்.

சேர்ந்து உண்பது இந்த மண்ணில் சும்மா கிடைத்ததல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1920-களில் காங்கிரசுக்குள்ளேயே போராடினார்கள். அப்படியும் 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், அசைவத்துக்குத் தனி வாசல் என்று தாள் ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகுதான் கிழித்தார்கள். மரபைப் பற்றிக் கவலைப்படுகிற அப்பாக்கள் இதற்கல்லவா கவலைப்பட வேண்டும்?

இன்றிரவே பையனிடம் பேசுங்கள். ராகிங் தடுப்பு எண் 1800-180-5522, எந்நேரமும் கூப்பிடலாம். நாளைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்ப் புகாரை எழுத்தில் கொடுங்கள். அப்படியே மெஸ் டிவைடிங்கா கான்ட்ராக்டா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.