அடித்தல் திருத்தலுக்கு ஓர் இடம்

கேள்வி: எனக்கு வயது 54. கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருக்கிறேன். மகளுக்குத் திருமணமாகி அவள் வெளியூர் போன பிறகு, பள்ளி நாளில் அவள் வைத்திருந்த வாட்டர்கலர் பெட்டி பரணில் கிடைத்தது. ஒரு வருடமாக, அடுப்படி வேலை முடிந்ததும் இரவு எட்டரை மணிக்கு உட்கார்ந்து வரைகிறேன். நாற்பது படங்களுக்கு மேல் ஆகிவிட்டன. சுவரில் மாட்டும்படி ஒன்றுகூட இல்லை. தாள் வேறு அப்பளம் போல வளைந்துகொள்கிறது. "இதையெல்லாம் யார் வாங்கப் போகிறார்கள்?" என்கிறார் கணவர். "இந்த வயதில் சின்னப் பிள்ளை விளையாட்டா?" என்று நாத்தனார் சிரிக்கிறார். ஒருநாள் மகள் விட்டுச்சென்ற செருப்பை வரையும்போது அழுதுவிட்டேன். போன வாரம் கத்தரிக்காய் சரியாக வரவில்லை என்று கிழித்துப் போட்டேன். ஆனால், வரையாத நாளில் எதையோ தொலைத்தது போல இருக்கிறது. விட்டுவிடலாமா? வகுப்பில் சேரலாமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, விட வேண்டாம். வகுப்புக்கும் இப்போதைக்கு அவசரம் இல்லை.

நீங்கள் காசாளர். மாலையில் நூறு ரூபாய் குறைந்தால் உங்கள் கைப்பையிலிருந்துதான் போக வேண்டும். ரசீதில் அடித்தல் திருத்தல் கூடாது. வீட்டுக்கு வந்தால் ரசத்தில் உப்புக் கூடியதற்கும் விசாரணை உண்டு. தப்பே செய்யக் கூடாத ஓர் இடத்திலிருந்து தப்பே செய்யக் கூடாத இன்னோர் இடத்துக்கு இத்தனை வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறீர்கள். எட்டரை மணிக்கு உங்கள் முன்னால் இருக்கும் அந்தத் தாளில் மட்டும், கத்தரிக்காய் பரங்கிக்காயாகிவிட்டாலும் யாருடைய கணக்கும் உதைக்காது. வரையாத நாளில் தொலைந்தது போலத் தோன்றுவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடித்தல் திருத்தல் என்றதும் தாகூர் நினைவுக்கு வருகிறார். கையெழுத்துப் பிரதியில் வேண்டாத வரிகளை அடித்துவிட்டு, அந்த அடித்தல்களைக் கோடுகளால் ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் ஆக்கிக்கொண்டிருந்தவர், அறுபது வயதுக்கு மேல்தான் ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார். 1930-ல் பாரிஸில் அவரது முதல் கண்காட்சி நடந்தது. மொத்தம் 2,000 படங்களுக்கு மேல் வரைந்திருக்கிறார். நீங்களும் பாரிஸ் போவீர்கள் என்று சொல்ல வரவில்லை. நோபல் பரிசு பெற்றவரே அந்த வயதில் தெரியாத வேலை ஒன்றில் கை வைத்தார் என்று உங்கள் நாத்தனாரிடம் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், சிரிப்பவர்களுக்குச் சான்று காட்டி நான் ஜெயித்ததில்லை.

"சுவரில் மாட்டும்படி ஒன்றுகூட இல்லை" என்கிறீர்கள். 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் உட்காரவைத்து, காகிதம், மார்க்கர் பேனா, களிமண் கொடுத்து விருப்பம் போல எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்பும் பின்பும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்று அதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. சின்ன ஆய்வுதான். மீதிக் கால்வாசிப் பேருக்கு ஏன் குறையவில்லை என்று கேட்டால், எவர்சில்வர் டபராவை வரையப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஏனென்றால், நான் அதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். எவர்சில்வருக்கு என்று ஒரு நிறம் கிடையாது. ஜன்னல், மேஜை விரிப்பு, உங்கள் புடவை எல்லாம் அதற்குள் வளைந்து கிடக்கும். பித்தளைச் செம்பும் அப்படித்தான். பெட்டியில் 'பித்தளை நிறம்' என்று ஒரு கட்டி இருக்காது. மஞ்சள் காவி, பழுப்பு, நடுவில் ஓரிடத்தில் வர்ணமே தொடாத வெள்ளைத் தாள், அவ்வளவுதான். கத்தரிக்காயின் பளபளப்பும் அந்த விடுபட்ட வெள்ளைதான். பச்சைத் துணிமேல் வைத்துப் பாருங்கள், ஊதாவின் அடி ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஏறியிருக்கும். இத்தனை வருடம் எத்தனை கிலோ கத்தரிக்காய் நறுக்கியிருப்போம், ஒரு நாளாவது அதைப் பார்த்திருக்கிறோமா? வரைய ஆரம்பித்த பிறகுதான், மதியம் எங்கள் வாசலில் விழும் வேப்ப மர நிழல் கறுப்பு இல்லை, நீலம் கலந்தது என்று எனக்குத் தெரிந்தது. அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்த அரை மணி நேரமும் எனக்கு அலுக்கவே இல்லை. படம் மோசமாக வந்தாலும் இந்தக் கண் நம்மிடம் தங்கிவிடுகிறது.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் கிடந்தபோது அதைத் தாண்டித் தாண்டிப் போயிருப்பீர்கள். வரைய உட்கார்ந்தால் தாண்ட முடியாது. வார் எங்கே தேய்ந்திருக்கிறது, கட்டைவிரல் எங்கே பள்ளம் போட்டிருக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தாக வேண்டும். அழுகை வராமல் என்ன செய்யும்? அது உங்கள் பலவீனம் இல்லை. அந்தப் படத்தை முடித்தீர்களா என்று எழுதவில்லை, முடித்துவிடுங்கள். ஒருவேளை வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தூரிகையிடம் அந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

கணவருக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவரைப் பத்து நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லி வரைந்துவிடுங்கள். "என் மூக்கு இவ்வளவு பெரிதா?" என்று கேட்பார். யார் வாங்குவார்கள் என்ற கேள்வி அதோடு போய்விடும். எக்காரணம் கொண்டும் விற்க மட்டும் கிளம்பாதீர்கள். நாலு பேர் விலை கேட்க ஆரம்பித்தால் மேஜைக்கு மறுபடியும் காசாளர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

தாள் வளைவதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பள்ளி டிராயிங் நோட்டு அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், நாலாக வெட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும். நான்கு ஓரத்தையும் பேப்பர் டேப்பால் ஒரு பலகையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். 8-ம் நம்பர் வட்டத் தூரிகை ஒன்று, தண்ணீருக்கு இரண்டு டம்ளர் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் நிழல் சரியாக விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அதை அணைத்துவிட்டு, மேஜை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வையுங்கள். உங்கள் கத்தரிக்காய் உருண்டையாக வராமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தாராசுரம் போங்கள். கோயிலை வரைய வேண்டாம், பயந்துவிடுவீர்கள். நாலு மணி வெயிலில், தேர் போலச் செதுக்கிய மண்டபத்தின் அந்தக் கல் சக்கரத்தின் நிழலை மட்டும் வரையுங்கள். இதெல்லாம் ஆறு மாதம் செய்து பார்த்த பிறகும் கை முட்டினால், அப்போது வகுப்பைத் தேடலாம். உங்கள் ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. நல்ல ஆசிரியர் யார் என்று அங்கே விசாரித்தால் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இனிமேல் எதையும் கிழிக்காதீர்கள். பின்பக்கம் தேதி எழுதி பீரோவில் புடவைக்கு அடியில் வையுங்கள். தேதி போடாமல் ஒரு தாளை உள்ளே வைக்க உங்களுக்கு எப்படியும் கை வராது.