ஞாயிற்றுக்கிழமை பைக்குக்கு லீசிங் வேண்டாம், தம்பி

சேமித்த 14 இலட்சத்தையும் கொடுத்து அந்த 250 சிசி பைக்கை எடுப்பதா, 4 இலட்சம் கட்டி மிச்சத்தை 12% லீசிங்கில் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த 12% கடனாக எடுத்த முழுத்தொகைக்கா, கட்டக் கட்டக் குறைகிற மீதிக்கா என்று முதலில் கேளுங்கள். முழுத்தொகைக்கு என்றால் 10 இலட்சத்துக்கு 4 வருடத்தில் வட்டி மட்டும் 480,000, மாதம் 30,833 கட்ட வேண்டும், மீதி குறைந்தும் வட்டி குறையாததால் உண்மையான வட்டி வருடத்துக்குச் சுமார் 21% வந்துவிடும். அதோடு முழுக் காப்புறுதியும் கேட்பார்கள்.

ஆனால் கையிருப்பை மொத்தமாகத் துடைத்துக் கொடுக்கவும் வேண்டாம், தம்பி. காரைநகர் கசூரினா கடற்கரைக்குத்தானே ஓடப்போகிறீர்கள்? அங்கே போகிற வழியில் பொன்னாலைப் பாலத்து உப்புக்காற்றில் என் பைக் செயின் ஒரே மாரியில் சிவந்துபோனது, அந்தச் செலவுக்கும் காசு வேண்டும். 9 இலட்சத்துக்குள் நல்ல பாவித்த பைக் ஒன்றைப் பார்த்து, காசு கொடுத்தே எடுங்கள்.