ஒற்றைக் காலில் பனிச்சறுக்கு: கேள்வி பதில்

இடது காலை முழங்காலுக்கு மேல் இழந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கோத்தகிரியில் வசிக்கும் நான் எட்டுக் குளிர்காலங்கள் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு செய்திருக்கிறேன். நம் மலைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில், உதவித்தொகை, காப்பீடு பற்றியவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு எழுதுகிறேன்.

குன்னூர் வாசகர்: தினமும் நடக்கும் ஹைட்ராலிக் முட்டி கொண்ட செயற்கைக் காலோடு பனியில் இறங்கலாமா?

இறங்காதீர்கள். நடைக்கான முட்டி, நேராக நிற்கும்போது உடலைத் தாங்கவும், மடங்கும்போது மெல்ல இறங்கிக் கொடுக்கவும் செய்யப்பட்டது. சறுக்குபவரின் முழங்காலோ எப்போதும் சற்று மடங்கியே இருக்க வேண்டும். மேடு வந்தால் இன்னும் அமுங்கி, அடுத்த நொடியே தானாக எழ வேண்டும். உங்கள் முட்டி அமுங்கும், ஆனால் எழுப்பித் தராது. பனிவண்டிப் பந்தயத்தில் 2008இல் காலை இழந்த அமெரிக்கர் மைக் ஷுல்ட்ஸ், மலைச் சைக்கிளின் ஷாக் அப்சார்பரைக் கொண்டு தாமே ஒரு முட்டியை உருவாக்கி, 2018 பியோங்சாங் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஆனால் அது பனிப்பலகை (ஸ்னோபோர்டு) போட்டி. பலகையில் இரு பாதங்களும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால் அங்கே முட்டி வேண்டும். காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பட்டையான ஸ்கீயில், செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு ஒரு காலிலேயே சறுக்க வழி உண்டு. முதலில் அதையே கற்கச் சொல்கிறேன்.

ஊட்டி வாசகர்: தொட்டபெட்டாவில் பயிற்சி செய்ய முடியுமா?

தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க்கும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் நாம் 11ஆம் அட்சரேகையில் இருக்கிறோம், அவர்கள் 34இல் இருக்கிறார்கள். நமக்கு வாய்ப்பது டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி மட்டுமே. வீட்டிலேயே நல்ல காலில் நின்று, முழங்காலை மடக்கி எழுந்து பழகுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுச் சறுக்கச் சொல்கிறீர்கள். காலைப் பெறப் பட்ட பாடெல்லாம் வீண்தானா? இரண்டு காலோடு இறங்குவதுதானே முழுமை?

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். ஒற்றை ஸ்கீயும், முழங்கைப் பிடி கொண்ட ஊன்றுகோலின் அடியில் சிறு ஸ்கீ பொருத்திய இரண்டு அவுட்ரிகர்களும் சேர்ந்து பனியில் மூன்று தடங்களை வரைகின்றன. முதல் குளிர்கால பாராலிம்பிக் 1976இல் சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் நடந்தது. தொடையில் காலிழந்த வீரர்கள் இன்றும் பெரும்பாலும் இவ்வாறே போட்டியிடுகிறார்கள். வேகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் இதுவே சிறந்தது என்பதால்தான். என் முதல் இரண்டு குளிர்காலங்களை, எச்சக்காலை, அதாவது இழந்தது போக மீந்த காலை, யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற கூச்சத்தால் கால் மாட்டிக்கொண்டே வீணாக்கினேன். விழும்போது செயற்கைக் காலின் நீளம் முழுவதும் நெம்புகோலாகி, எச்சக்காலை நுழைக்கும் கிண்ணமான சாக்கெட் வழியே தொடை எலும்பை முறுக்குகிறது. அந்த வலியை இன்னொருவர் படக் கூடாது.

கூடலூர் வாசகர் (உடலியக்கச் சிகிச்சையாளர்): அவுட்ரிகர்களால் தோள்பட்டை கெடாதா? கொடைக்கானல் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தோள்பட்டை கெடுவது, உடல் எடையை அவற்றின்மேல் சாய்ப்பவர்களுக்குத்தான். எடை ஸ்கீயின் நடுவில், பாதத்தின்மேல் இருக்க வேண்டும். அவுட்ரிகர் பனியை இலேசாகத் தொட்டுச் சமநிலை சொல்லும். சாய்ந்தால் ஸ்கீயின் விளிம்பு பிடிக்காமல் நழுவும், திருப்பமும் கிடைக்காது. உங்கள் அச்சம் சரியானது. ஆனால் அதற்கு மருந்து நல்ல பயிற்சி, செயற்கைக் கால் அல்ல.

கொடைக்கானல் வாசகர் மீண்டும்: அப்படியானால் முட்டி செய்பவர்கள் எல்லாம் முட்டாள்களா?

இல்லை. பனிக்கென்றே செய்த முட்டியும், அதை அளந்து சரிசெய்யும் வல்லுநரும், விழும்போது ஸ்கீயிலிருந்து தானே அவிழும் பிணைப்பும் கிடைத்தால் இரண்டு ஸ்கீயில் இறங்குவதும் இன்பமே. அது இரண்டாம் படி என்றுதான் சொல்கிறேன்.

வெலிங்டன் வாசகர்: என் முட்டி கணினிச் சில்லு உள்ளது. அதோடு இறங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். நடைக்கால் நடப்பதற்கே.

கோத்தகிரி வாசகர்: தேயிலைத் தோட்டச் சரிவில் இறங்கவே பயமாக இருக்கிறது.

சரிவுக்குப் பக்கவாட்டில் திரும்பி, செயற்கைக் காலைக் கீழ்ப்பக்கம் முதலில் வைத்து, நல்ல காலை மேலே நிறுத்தி ஒவ்வோர் அடியாக இறங்குங்கள்.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: புதிதாக வாங்கிய விலையுயர்ந்த கால். அதிலாவது?

முடியாது. விலை எதையும் மாற்றாது.

ஊட்டியிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகளுக்குத் தொடையில் கால் போனது. ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

அனுப்புங்கள் அம்மா. மருத்துவர் சம்மதித்து, நல்ல கால் வலுவாக இருந்தால், குழந்தைகள் சமநிலையை நம்மைவிட விரைவில் கற்கிறார்கள். எச்சக்காலுக்குக் கனமான கம்பளி உறையும், விழுந்தால் தாங்க மெத்தைக் காப்பும் தைத்துக் கொடுங்கள். குளிர் உறைத்தாலும் அங்கே சில வேளை தெரியாது, ஆகவே அடிக்கடி தொட்டுப் பாருங்கள். குளிரில் எச்சக்கால் சுருங்கி சாக்கெட் தளரலாம் என்பதால், எச்சக்காலுக்குக் கூடுதலாக இரண்டு காலுறைகள் பையில் இருக்கட்டும். அவள் சறுக்கும்போது செயற்கைக் காலை உலர்ந்த துணியில் சுற்றி அறைக்குள் வையுங்கள். திரும்பியதும், சாக்கெட்டுக்குள் எச்சக்காலின் மேல் அணியும் மெத்துறையான லைனர் சில்லென்றிருந்தால், உங்கள் கைச்சூட்டில் சற்று வைத்திருந்து பிறகு மாட்டிவிடுங்கள்.