ரோரோஸ் போகலாம் தம்பி, புளியோதரை மட்டும் வேண்டாம்

நார்வேயில் ட்ரொண்ட்ஹைம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பிப்ரவரியில் மனைவியோடு பழைய சுரங்க ஊரான ரோரோஸ் போனால் குளிர் தாங்குமா, ஒரு நாள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ரயிலே இரண்டரை மணி நேரம்; அன்றே திரும்பினால் தேவாலயத்தைப் போட்டோ எடுத்ததோடு சரி.

நாம் இருப்பது கடலோரம். ரோரோஸ் 600 மீட்டருக்கும் மேலே. 1914 ஜனவரியில் மைனஸ் 50.4 டிகிரி பதிவான ஊர். நான் முதல் தடவை போனபோது மைனஸ் 24. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. முதுகுப்பையில் இருந்த புளியோதரை மதியத்துக்குள் கடலைமிட்டாய் மாதிரி இறுகிவிட்டது. ஃபோனும் அணைந்துபோனது. உடம்பை ஒட்டிக் கம்பளி உடுப்பு, காலுக்குக் கம்பளி சாக்ஸ், ஃபோன் உள்பையில். சாப்பாட்டுக்கு அங்கேயே சூடாக ஒரு கிண்ணம் சூப்.

1644-இல் செம்பு கிடைத்ததால் உண்டான ஊர் இது. 1977-இல் செம்புக் கம்பெனி நொடிக்கும்வரை சுரங்க வேலை 333 வருஷம் ஓடியது. வருகிறவர்கள் கடைத்தெருவில் நடந்து, 1784-இல் கட்டிய வெள்ளைக் கல் தேவாலயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் செம்பு உருக்காலை வரைக்கும் போய், பின்னாலிருக்கும் கசடு மேட்டில் ஏறுங்கள்; செம்பை உருக்கியபின் மிஞ்சிய கருப்புக் கழிவு அது. பிப்ரவரியில் அந்தக் கருப்பெல்லாம் பனிக்குள் இருக்கும், பரவாயில்லை. மேட்டின் அடியில் குனிந்து நுழைய வேண்டிய குட்டி மர வீடுகள். ஏழைத் தொழிலாளிகள் இருந்தவை. ஊருக்குள் மர வாசல்கள் வழியே எட்டிப் பாருங்கள்: தெருப் பக்கம் வீடு, பின்கட்டில் தொழுவம். சுரங்கக் கூலி மட்டும் போதாமல் மாடும் வளர்த்தார்கள்.

13 கிலோமீட்டர் தள்ளி ஓலாவ்ஸ்குருவா சுரங்கம். வருஷம் முழுக்க உள்ளே 5 டிகிரி. வெளியிலிருந்து போனால் கதகதப்பாகத் தெரியும், சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் விறகை அடுக்கித் தீமூட்டி, பாறையைச் சுட்டே பிளந்தார்கள். அதற்கும் உருக்காலைக் கரிக்குமாகச் சுற்றுவட்டாரக் காடெல்லாம் போனது. கூட்டிப்போய்க் காட்டும் நேரம் குளிர்காலத்தில் குறைவு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிப்ரவரியின் கடைசிக்கு முந்தைய செவ்வாயன்று சந்தை தொடங்கும், 1854 முதல் நடப்பது. தூரத்து ஊர்களிலிருந்து குதிரைச் சறுக்குவண்டிகள் வரிசையாக வந்து சேரும். அந்த ஐந்து நாளும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டம் பிடிக்குமென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். மனைவிக்குப் பிடிக்காதென்றால் அதற்கு முந்தைய வாரம் போய்விடுங்கள்.