பெயர் சொல்லி அழைப்பது

மதிப்பிற்குரிய ஐயா,

மதுரையில் உயிர்வேதியியல் இளங்கலை முடித்துவிட்டு, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிப்பதற்காக ஆகஸ்ட் மாதம் வந்து சேர்ந்தேன். நீங்களும் அங்கே படித்தவர் என்பதால் இதை எழுதுகிறேன். பாடங்களில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் அறுபது வயதுப் பேராசிரியரைக்கூட இங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அப்படியே அழைக்கும்படி அவரும் என்னிடம் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. 'சார்' என்றால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே அவரை எந்த விதத்திலும் விளிக்காமலேயே மூன்று மாதங்களைக் கடத்திவிட்டேன். மின்னஞ்சலை விளி இல்லாமல் தொடங்குகிறேன். சந்தேகம் வந்தாலும் கேட்பதில்லை. கருத்தரங்குகளில் நான் பேசுவதே இல்லை என்று சென்ற வாரம் குறிப்பு வந்தது. அப்பா கடன் வாங்கி என்னை அனுப்பியிருக்கிறார். குறை என் வளர்ப்பிலா, அல்லது இவர்களுக்கு மரியாதை என்பதே கிடையாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சிக்கல் சிறியதன்று. 2008ஆம் ஆண்டு அதே ஊரில், அதே தயக்கத்தோடு ஒரு முழுப் பருவத்தை நானும் கழித்திருக்கிறேன். குறை உங்கள் வளர்ப்பில் இல்லை; அவர்களுக்கு மரியாதை தெரியாது என்பதும் சரியன்று. ஒருவரை விளிக்காமலேயே பேசிச் சமாளிப்பதில் ஸ்வீடன் மக்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்திருந்தார்கள் என்று அறிந்தபோதுதான் என் மனம் இளகியது. அதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பு வரை, அந்நாட்டில் ஒரு பேராசிரியரிடம் நேருக்கு நேர் பேசும்போதே, "பேராசிரியர் காபி அருந்துவாரா?" என்று படர்க்கையில்தான் கேட்க வேண்டும். பட்டம், பதவி எதுவானாலும் அதைச் சொல்லியே பேச வேண்டும். எதிரில் இருப்பவரின் பதவி தெரியாவிட்டால் பெரும் சங்கடம். நெருங்கியவர்களை அழைக்க 'டு' என்ற சொல் இருந்தது. புதியவரிடம் அதைச் சொல்ல முடியாது. பன்மைச் சொல்லான 'நி' இருந்தது. ஒலியில் நம்முடைய 'நீ'யைப் போன்றது. பிற ஐரோப்பிய மொழிகளில் இத்தகைய பன்மை மரியாதையைக் குறிக்கிறது. ஸ்வீடனிலோ பட்டம் ஏதுமற்ற எளியவர்களிடம் மேலோர் பேசும் சொல்லாக அது ஆகிவிட்டதால், கேட்பவருக்கு அவமதிப்பாகவே பட்டது. வேறு வழியின்றி, முன்னிலையே வராதபடி வாக்கியத்தை வளைத்து, "ஒரு கோப்பை காபி ஆகலாமா?" என்ற பாங்கில் பேசினார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு நம் வீடுகள் நினைவுக்கு வந்திருக்கும். "சாப்பாடு ஆச்சா?", "எப்போ வந்தது?", "ஊருக்குக் கிளம்பியாச்சா?" என்றெல்லாம் நாம் கேட்பதும் இதே வளைவுதான். புதிதாக வந்த மருமகள் கணவனின் அண்ணனிடம் பேசும்போதும், நீங்களா நீயா என்று முடிவு செய்ய முடியாத ஒருவரிடம் பேருந்தில் நாம் பேச்சுக் கொடுக்கும்போதும், மொழி இப்படித்தான் ஒதுங்கி நடக்கிறது. நீங்கள் மூன்று மாதங்களாகச் செய்துவருவதும் அதுவே.

அங்கே இது மாறிய கதையில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. ப்ரூர் ரெக்செட் உப்சாலாவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர். தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியை அவர் பெயரால் வழங்கும் பத்து அடுக்குகளாகப் பிரித்துத்தான் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் 1967ஆம் ஆண்டு நாட்டின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, ஊழியர்கள் அனைவரையும் தாம் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாகவும், தம்மையும் அவர்கள் அப்படியே அழைக்க வேண்டும் என்றும் அறிவித்தார். மாற்றம் அவரோடு தொடங்கியதன்று; பல இடங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஓர் அரசுத் துறையின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னதும் அது பரவும் வேகம் கூடியது. 1969இல் பிரதமரான ஊலோப் பால்மெயைப் பத்திரிகையாளர்கள் 'டு' என்றே அழைத்துக் கேள்வி கேட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், பல்கலைக்கழகம் எங்கும் பட்டங்கள் பேச்சிலிருந்து உதிர்ந்துபோயின. இன்று அரச குடும்பத்தினரிடம் மட்டுமே படர்க்கையில் பேசும் பழக்கம் எஞ்சியிருக்கிறது.

ஆகவே உங்கள் பேராசிரியர் பெயர் சொல்லி அழைக்கும்படி கேட்கும்போது, தம்மைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை, உங்களோடு உடனடியாக நட்புக் கொண்டாடவும் இல்லை. அவருடைய பாட்டனாரின் காலத்து மக்கள் சிக்கித் தவித்த ஒரு முடிச்சை அவிழ்த்துப்போட்ட பிறகு கிடைத்த எளிமையை உங்களுக்கும் தருகிறார். மூத்தவர் பெயரைச் சொல்ல நாம் கூசுவது பெயரை அவ்வளவு கனமானதாக நாம் நினைப்பதால். அவர்கள் தயங்காமல் சொல்வது அதை இலேசாக நினைப்பதால் என்று எண்ணிவிடாதீர்கள்.

மரியாதை அங்கே வேறு இடங்களில் குடியிருக்கிறது. குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் இன்னொருவர் பதிந்துவைத்த நேரத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் அதுதான் அவமரியாதை. கால அட்டவணையில் 10 மணி என்றிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும் என்ற பழைய பல்கலைக்கழக வழக்கம் உண்டு. அந்தக் கால்மணி கடந்த பிறகு கதவைத் திறப்பதும் அப்படித்தான். பெரும்பாலான எழுத்துத் தேர்வுகளில் தாளின் மீது உங்கள் பெயர் இராது, ஒரு குறியீடு மட்டுமே இருக்கும். திருத்துபவருக்கு அது யாருடைய விடை என்று தெரியாது. பேசும்போது பட்டத்தை நீக்குவதும் திருத்தும்போது பெயரை மறைப்பதும் ஒரே எண்ணத்திலிருந்து வருபவை என்று நான் நினைக்கிறேன்: யார் சொன்னது என்பதை விலக்கிவிட்டு என்ன சொன்னார் என்பதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அது.

உங்களுக்கு வந்த குறிப்பை நான் தீவிரமாக எடுத்துக்கொள்வதும் இதனால்தான். நம் வகுப்பறைகளில் மௌனம் அடக்கமாகப் பார்க்கப்படும். அங்கே கருத்தரங்கில் மௌனமாக இருப்பவர் படித்துவரவில்லை, அல்லது தமக்குத் தோன்றியதைப் பிறருக்குத் தர மறுக்கிறார் என்றே கொள்ளப்படுகிறது. "ஏன் கேட்கவில்லை?" என்று ஆசிரியர் உங்களைத் தேடி வரமாட்டார், நீங்கள் வளர்ந்தவர், வேண்டுமென்றால் கேட்பீர்கள் என்று விட்டுவிடுவார். முதுகலை ஆய்வேட்டை முடிக்கும்போது சக மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை எல்லோர் முன்னிலையிலும் கேள்விக்கு உட்படுத்தும் பொறுப்பும் பெரும்பாலும் வரும். அதற்கு வேண்டிய குரலை இப்போதிருந்தே பழக்க வேண்டும்.

பழகுவதற்கு வகுப்பைவிட நல்ல இடம் 'நேஷன்' எனப்படும் மாணவர் சங்கங்கள். 1477இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்த மாணவர்கள் 17ஆம் நூற்றாண்டில் தத்தம் ஊர்க்காரர்களோடு கூடி அமைத்துக்கொண்டவை அவை. இப்போது உப்சாலாவில் 13 இருக்கின்றன. 2010 வரை சேர்வது கட்டாயமாக இருந்தது; நானும் அப்படித்தான் சேர்ந்தேன். இன்று விருப்பம். எந்த மாகாணத்தின் பெயர் கொண்டதானாலும் நீங்கள் சேரலாம். உறுப்பினர் அட்டையோடு நின்றுவிடாமல், சமையலறையில் ஒரு மாலை வேலை செய்ய முன்வாருங்கள். ஐம்பது பேருக்கு உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட முடியும். என் நாக்கு பழகியது அங்கேதான். வகுப்பில் ஒரு முழுப் பருவம் வாய் திறக்காத நான் அங்கே இரண்டே வாரங்களில் பேசத் தொடங்கினேன்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். நான் படித்தபோது ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. 2011 இலையுதிர் பருவத்திலிருந்துதான் அது வந்தது. ஆகவே அப்பாவின் கடனை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் உங்கள் பாரம் நான் அறியாதது. என் அனுபவத்தை உங்கள்மேல் முழுதாகப் பொருத்திப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமல் விட்ட ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவர் வட்டி கட்டுகிறார் என்ற எண்ணம் உங்களை வாட்டுகிறதென்றால், அந்த வலியே கேட்பதற்கான துணிவையும் தரட்டும்.

இருட்டும் சேர்ந்து உங்களை அழுத்தும். டிசம்பரில் அங்கே பகல் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். மதிய இடைவேளையில் வெளியே வந்து ஃபீரிஸ் ஆற்றங்கரையில் நடங்கள். ஃப்ளோக்ஸ்டா குடியிருப்பில் மாணவர்கள் இரவு 10 மணிக்குச் சன்னலைத் திறந்து உரக்கக் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஊரில் தனிமை உங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நேரில் பெயர் சொல்ல வராவிட்டால் எழுத்தில் தொடங்குங்கள். 'ஹேய்' என்ற வணக்கச் சொல், அதை அடுத்து அவருடைய பெயர், பிறகு ஒரு காற்புள்ளி. அடுத்த வரியில் அந்த மூன்று மாதச் சந்தேகங்களில் ஒன்றே ஒன்று, பாடத்தின் எந்தப் பகுதியில் வருகிறது என்ற குறிப்போடு. மன்னிப்பும் முன்னுரையும் வேண்டாம். பதில் வந்ததும், அவர் உங்கள் பெயரை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.