மூன்று ஏ எடுத்தும் ஏன் கிடைக்கவில்லை? இலங்கை உயர்தரப் பரீட்சை பற்றிய கேள்விகளுக்கு ஒரு கணித ஆசிரியரின் பதில்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்: சேர், என் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் உயிரியல் பிரிவில் 3 ஏ. அந்தப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைத்தது, மகளுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

அம்மா, 75 எடுத்தாலும் ஏ, 96 எடுத்தாலும் ஏ. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆட்களை வரிசைப்படுத்துவது இசட் புள்ளியை வைத்துத்தான். பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படி வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் நான்கு தசம தானத்தில் ஒரு எண் வரும், அதுதான் இசட். உதாரணத்துக்கு, சராசரி 50, விலகல் 20 உள்ள பாடத்தில் 80 எடுத்தால் 1.5. சராசரி 35, விலகல் 15 உள்ள பாடத்தில் 65 எடுத்தால் 2.0. பெறுபேற்றுத் தாளில் முதலாவது ஏ, இரண்டாவது பீ. ஆனால் பெறுமதி பீக்குத்தான்!

கிளிநொச்சி, கணிதப் பிரிவு: எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கிற ஆகக் குறைந்த இசட்) குறைவுதானே சேர், அவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா?

இந்த நினைப்பில் வருடா வருடம் நல்ல பிள்ளைகள் கவிழ்கிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. சனம் குறைந்த மாவட்டத்துக்கு இடமும் குறைவு. மாவட்டப் பங்கில் உங்களுக்குப் போட்டி கொழும்புப் பிள்ளை இல்லை, உங்களோடு அதே வகுப்பில் இருக்கிற பிள்ளை. ஒரு வருடம் கெட்டிக்காரர் நாலு பேர் சேர்ந்து வந்தால் போதும், வெட்டுப்புள்ளி ஏறிவிடும். போன வருடக் கணக்கை நம்பிப் படிக்காதீர்கள்.

மட்டக்களப்பு: ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படித்தால் பொறியியல் கிடைக்கும்?

மணித்தியாலத்தை யாரும் திருத்துவதில்லை தம்பி, விடைத்தாளைத்தான் திருத்துகிறார்கள். காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் அதே பாடத்துக்கு இன்னொரு ரியூசன் என்று ஓடுகிற பிள்ளையும் பன்னிரண்டு மணித்தியாலம் படித்ததாகத்தான் சொல்லும். அதில் தன் கையால் ஒரு கணக்கைத் தொடங்கி முடித்தது எத்தனை? நான் உழைப்பு என்று சொல்வது அதைத்தான்.

பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. மணிக்கூட்டை முன்னால் வைத்து பாஸ்பேப்பர் (பழைய வினாத்தாள்) செய்யாதவருக்குக் கடைசிப் பத்துக் கேள்வி போய்விடும், பாடம் தெரிந்தாலும்தான்.

இணைந்த கணிதத்தில் வேறு சங்கதி. புள்ளி படிமுறைக்கு. உராய்வுக் கணக்கில் விசைகளைச் சரியாகக் குறித்து, சமன்பாட்டை எழுதிவிட்டால், கடைசி விடை பிழைத்தாலும் கணிசமான புள்ளி வரும். விடையை மட்டும் சரிபார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவருக்கு இது தெரியவே வராது. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவால் உங்கள் தாளை நீங்களே திருத்துங்கள். இரக்கம் காட்ட வேண்டாம்.

வவுனியா: கணிதத்தில் 85 வருகிறது, இரசாயனவியலில் 40தான். எதில் நேரம் போடுவது?

இரசாயனவியலில். இரண்டுக்கும் விலகல் 15 என்று வைப்போம். 40ஐ 55 ஆக்கினால் மொத்த இசட் 0.33 ஏறும். கணிதத்தை 85இலிருந்து 92க்கு இழுத்தால் 0.16 அளவுதான். பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்வது சுகம், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது பொழுதுபோக்கு.

திருகோணமலை: முதல் தடவை பௌதிகவியலில் நல்ல புள்ளி. இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் எழுதலாமா?

முடியாது. ஒரே தடவையில் எழுதிய மூன்று பாடங்களையும் சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்கள். மொத்தம் மூன்று தடவை பரீட்சைக்குத் தோற்றலாம். மறுபடி இருப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: போன முறை தெரியாமல் விட்டீர்களா, நேரம் போதாமல் விட்டீர்களா? தெரியாமல் என்றால் வகுப்பு உதவும். நேரம் என்றால் இன்னொரு வருட வகுப்பில் பயனில்லை, பாஸ்பேப்பர்தான் வழி.

மன்னார்: மாணவர் தலைவராக இருந்தேன், சேர்த்துப் பார்ப்பார்களா?

வழமையான தெரிவில் இல்லை. உயர்தரத்தோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையும் இசட்டில் சேராது, ஆனால் அதில் 30 எடுத்தே ஆக வேண்டும். அதைக் கோட்டை விடாதீர்கள்.

யாழ்ப்பாணம்: விண்ணப்பத்தில் பொறியியலுக்கு மொறட்டுவையை முதலில் போட்டால் யாழ்ப்பாணமும் கையைவிட்டுப் போய்விடுமா?

போகாது தங்கச்சி. முதல் விருப்பத்துக்கு உங்கள் இசட் போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதற்குத் தண்டனை இல்லை. மாறாக, பயந்து யாழ்ப்பாணத்தை மேலே போட்டு, அதற்கு இசட் போதுமென்றால், மொறட்டுவைக்குத் தகுதி இருந்தாலும் கிடைப்பது யாழ்ப்பாணம்தான். உண்மையில் விரும்புகிற ஒழுங்கிலேயே நிரப்புங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று யாழ்ப்பாணத்தைப் போடுகிறவர்களுக்கு ஒன்று: அதன் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில்.