ஜனவரி 4: எத சொல்ல வைக்கிறது, எத விடுறது?

கேள்வி: என் பொண்ணு நாலாவது படிக்கிறா சார். ஸ்கூல் அசெம்பிளில 'வரலாற்றில் இன்று' சொல்ற டர்ன் அவளுக்கு ஜனவரி 4-ல வருது, ரெண்டு நிமிஷம்தான் டைம். நெட்ல தேடுனா ஒரே தேதிக்கு முப்பது நாப்பது விஷயம் கொட்டுது, பாதி எனக்கே புரியல. நியூட்டன் பொறந்தநாள்னு ஒரு பக்கத்துல இருக்கு, இன்னொண்ணுல அவரு டிசம்பர் 25-ல பொறந்தாருன்னு இருக்கு. எத நம்புறது, எத்தன விஷயம் சொல்ல வைக்கலாம்?

பதில்: எண்ணிக்கைய மொதல்ல முடிச்சிடுவோம். மூணு போதும். ஒண்ணு விரிவா, மத்த ரெண்டும் சும்மா தொட்டுட்டுப் போற மாதிரி. குழந்தைங்க பத்திரிகை ஒண்ணுக்கு ரொம்ப வருஷம் இந்தப் பகுதிய தயார் பண்ணிக் குடுத்தவன் நான், ஆரம்பத்துல பத்து பன்னெண்டுன்னு அடுக்குவேன், பாக்க பெருமையாத்தான் இருக்கும், ஆனா படிச்ச பசங்கள கூப்பிட்டு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டா முழிப்பாங்க. ஒரே ஒரு ஆளப் பத்தி கதையா எழுதுன வாரம் மட்டும் வரி தப்பாம சொல்லுவாங்க.

உங்களுக்கு வந்திருக்கிறது நல்ல தேதி. கண்ண மூடிட்டு லூயி பிரெய்ல எடுத்துக்கோங்க, பார்வை இல்லாதவங்க தொட்டுப் படிக்கிற எழுத்த உருவாக்குனவரு. 1809 ஜனவரி 4, பாரிஸ் பக்கத்துல கூவ்ரேங்கிற சின்ன ஊர்ல பொறந்தாரு. அப்பாவுக்கு தோல் வேலை, குதிரைக்கு சேணம் தைக்கிறவரு. மூணு வயசுல அப்பாவோட பட்டறையில குத்தூசிய எடுத்து விளையாடப் போயி அது ஒரு கண்ணுல குத்திடுச்சு, புண்ணு சீழ் வச்சு இன்னொரு கண்ணுக்கும் பரவி, அஞ்சு வயசுக்குள்ள ரெண்டு கண்ணுமே போயிடுச்சு. பத்து வயசுல பாரிஸ்ல பார்வை இல்லாத பசங்களுக்கான பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. அங்க இருந்த புத்தகத்துல எல்லாம் சாதாரண எழுத்தையே பெருசா புடைப்பா அழுத்தி வச்சிருப்பாங்க, தடவித் தடவி ஒரு வரி முடிக்கவே நேரமாகும், புத்தகமும் தூக்க முடியாத கனம். சார்ல் பார்பியேன்னு ஒருத்தர் புள்ளியத் தடவிப் படிக்கிற ஒரு முறைய அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தாரு, ஆனா அதுல ஒரு கட்டத்துக்கு 12 புள்ளி வரைக்கும் வரும், ஒரு விரல் நுனிக்கு அடங்காது. நம்ம பையன் அத ஆறா குறைச்சாரு. ஒரு தடவ விரல வச்சா ஒரு எழுத்து, அவ்வளவுதான் ஐடியா. அப்ப அவருக்கு வயசு 15.

இந்த வயசுங்க முக்கியம். 1812, 1819, 1824-ன்னு வரிசையா சொன்னா நாலாவது படிக்கிற புள்ளைக்கு அது டெலிபோன் நம்பர் மாதிரிதான். மூணு வயசு, பத்து வயசு, பதினஞ்சு வயசுன்னு சொல்லிப் பாருங்க, கேக்குற ஒவ்வொரு புள்ளையும் தன் வயசோட வச்சுப் பாக்கும். பொறந்த வருஷம் ஒண்ணு மட்டும் இருந்தா போதும். இன்னொண்ணு, 'இன்னைக்குத்தான் பிரெய்ல் எழுத்தக் கண்டுபிடிச்சாங்க'ன்னு பல பேர் குழப்பி எழுதுவாங்க, தப்பு. இன்னைக்கு அவரு பொறந்தநாள், அந்த முறைய புத்தகமா போட்டது 1829-ல. ஐநா சபை இந்த நாள உலக பிரெய்ல் தினமா 2019-லேருந்து கொண்டாடுது, அத ஒரு வரியில சேத்துக்கலாம்.

கையில காட்ட ஒரு அட்டை ரெடி பண்ணுங்க. கெட்டி அட்டையில இடப்பக்கம் மேலேருந்து கீழ 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6, மொத்தம் ஆறு இடம். 'அ'வுக்கு 1 மட்டும் புடைச்சிருக்கணும், 'க'வுக்கு 1-ம் 3-ம். தமிழ் பிரெய்லும் இதே ஆறு புள்ளிதான். பால்பாயின்ட் பேனாவால அழுத்தும்போது ஒண்ணு கவனிங்க, புள்ளி எழும்புறது மறுபக்கத்துல, அதனால படிக்கிற பக்கத்துல இடது மேல வரணும்னா அட்டைய திருப்பிப் போட்டு வலது மேல குத்தணும். கையால பிரெய்ல் எழுதுறவங்க அப்படித்தான் வலமிருந்து இடமா, கண்ணாடியில தெரியுற மாதிரி இடது வலது மாத்தி குத்திட்டுப் போவாங்க. உங்க பொண்ணு மொதல் தடவ தப்பாத்தான் குத்துவா, குத்தட்டும், அதுக்கப்புறம் மறக்கவே மறக்காது. மொத்தம் ஆறு புள்ளியில எத்தன விதம் வரும்னு கேட்டா 63, புள்ளியே இல்லாத காலி கட்டத்த விட்டுட்டு.

மத்த ரெண்டும் விண்வெளி. 1958 ஜனவரி 4, சோவியத் யூனியன் அனுப்புன முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 1 காத்து மண்டலத்துக்குள்ள திரும்பி விழுந்து எரிஞ்சு போன நாள். எல்லாரும் அது ஏவுன நாளத்தான் சொல்லுவாங்க, 1957 அக்டோபர் 4, விழுந்தத யாரும் கண்டுக்கிறதில்ல, எனக்கென்னவோ அதுதான் புடிக்கும். 58 செ.மீ. குறுக்களவுல ஒரு உருண்டை, சுமார் 84 கிலோ, பேட்டரி மூணு வாரத்துலயே தீந்து அது அனுப்புன ரேடியோ சத்தம் நின்னு போச்சு, ஆனாலும் சரியா மூணு மாசம் சுத்திட்டு இருந்துச்சு. நிலாவுல போய் மோதணும்னு அவங்களே அனுப்புன லூனா 1 விண்கலம், அடுத்த வருஷம் இதே ஜனவரி 4-ல நிலாவ சுமார் 6,000 கிலோமீட்டர் தள்ளி கடந்து போயிடுச்சு. குறி தப்புன கதைன்னா பசங்களுக்கு தனி குஷி, ஆனா ரெண்டுல ஒண்ணு மட்டும் வைங்க.

மூணாவது, 2004-ல நாசாவோட ஸ்பிரிட் ரோவர், அதாவது தரையில ஓடுற ஆய்வு வண்டி, செவ்வாய்ல காத்துப்பை கட்டிக்கிட்டு பந்து மாதிரி குதிச்சு குதிச்சு இறங்குனது. 90 செவ்வாய் நாள் ஓடுனா போதும்னு அனுப்புனாங்க, 2010 மார்ச் வரைக்கும் சிக்னல் வந்துச்சு. இதுல நான் ஒரு தடவ மாட்டிக்கிட்டேன், ஒரு அமெரிக்க செய்தியப் பாத்து ஜனவரி 3-ன்னு போட்டுட்டேன், ஒரு பையன் அழகா லெட்டர் போட்டு திருத்துனான். இறங்குனது உலகப் பொது நேரப்படி ஜனவரி 4 காலை 4:35, அதே நொடியில கலிபோர்னியாவுல ஜனவரி 3 ராத்திரி எட்டரை மணி தாண்டியிருந்துச்சு. ராக்கெட், ரோவர்னு வந்தா எந்த ஊரு நேரம்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

இப்ப நியூட்டன். ரெண்டும் சரி! அவரு பொறந்தப்ப இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டர்ல இருந்துச்சு, அதுல 1642 டிசம்பர் 25. இப்ப நாம வச்சிருக்க கிரிகோரியன் காலண்டருக்கு மாத்துனா பத்து நாள் கூட்டணும், 1643 ஜனவரி 4. நாள் மட்டும் இல்ல, வருஷமே மாறுது பாத்தீங்களா. இங்கிலாந்து 1752-ல காலண்டர மாத்துனப்ப 11 நாள தூக்குனாங்களே, இங்க ஏன் பத்துன்னு டீச்சர் யாராவது மடக்குனா: 1700 ஜூலியன்ல லீப் வருஷம், கிரிகோரியன்ல இல்ல, அங்க ஒரு நாள் கூடிடுச்சு. மேடையில மட்டும் இத எடுக்காதீங்க, ரெண்டு நிமிஷமும் இதுக்கே போயிடும்.

போர், கொலை, விபத்து, பசங்களுக்குத் தெரியாத நடிகர் பொறந்தநாள் எல்லாத்தையும் கூச்சப்படாம விட்டுடலாம். 'உலகத்துலயே முதல்'னு எங்க பாத்தாலும் ஒரு நிமிஷம் நில்லுங்க, ஒரே தப்ப நாலு பக்கம் காப்பி அடிச்சு வச்சிருப்பாங்க, நாலு சாட்சின்னு நினைச்சிடாதீங்க. கலைக்களஞ்சியம், அனுப்புன விண்வெளி நிறுவனத்தோட சொந்தப் பக்கம், இந்த மாதிரி இடத்துல ஒரு தடவ சரி பாத்தா போதும்.

ஆரம்பம் இப்படி இருக்கட்டும்: "இன்னைக்கு ஜனவரி 4. என் கையில இருக்க இந்த அட்டையில ஒரு எழுத்து இருக்கு, தூரத்துலேருந்து பாத்தா தெரியாது, தொட்டாத்தான் தெரியும். இந்த முறைய உருவாக்குனப்ப அந்த அண்ணனுக்கு 15 வயசு." அப்புறம் பிரெய்ல் கதை, ஸ்புட்னிக் ஒரு வரி, ஸ்பிரிட் ரெண்டு வரி. முடிச்சதும் அட்டைய முதல் வரிசையில இருக்கவங்ககிட்ட குடுத்துட்டு இறங்கி வரச் சொல்லுங்க.